டிஸ்க்கும் நல்லது, ப்ளேயரும் நல்லது... பின் ஏன் படம் ஓடவில்லை?

(மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புத் துறை மாணவன்)



"இதென்னப்பா, செல்போனிலேயே சினிமா பார்க்கிற காலத்தில் சி.டி.யைப் பற்றிக் கட்டுரையா?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஊருக்குப் போகும்போது வீட்டுப் பீரோவைத் திறந்து பாருங்கள். சித்தி கல்யாணம், அண்ணன் காதுகுத்து, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் என்று எல்லாமே பிளாஸ்டிக் உறைக்குள் தகடாகத் தூங்கிக்கொண்டிருக்கும். வீடியோ கேசட்டுக்குப் பிறகும் பென் டிரைவுக்கு முன்பும் நம் வீட்டு விசேஷங்களை வாங்கி வைத்துக்கொண்டவை இந்தத் தகடுகள்தான்.

மாலை வேளைகளில் நான் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். "இந்த டிஸ்க்கைப் பென் டிரைவில் ஏத்திக் கொடுங்க தம்பி" என்று கேட்டு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். கூடவே ஒரு புலம்பலும் வரும். "எங்க வீட்டு ப்ளேயர்ல ஓடலை. ஆனா தங்கச்சி வீட்ல ஓடுது. ப்ளேயர் கெட்டுப்போச்சா, டிஸ்க் கெட்டுப்போச்சா?" என்பார்கள்.

பல சமயங்களில் இரண்டுமே கெட்டிருக்காது. இரண்டுக்கும் பொருத்தம் இல்லை, அவ்வளவுதான்! பெண்ணும் நல்ல பெண், மாப்பிள்ளையும் நல்ல மாப்பிள்ளை, ஜாதகம்தான் சேரவில்லை என்பார்களே, அது போல. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். டிஸ்க்குக்கும் ப்ளேயருக்கும் ஐந்து பொருத்தம் பார்த்தால் போதும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

முதலில் கொஞ்சம் அடிப்படை

பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 1980-ல் சி.டி.க்கான இலக்கணத்தை எழுதின. அதற்கு 'ரெட் புக்' என்று பெயர். முதல் ப்ளேயர் 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 120 மி.மீ. விட்டம், 1.2 மி.மீ. தடிமன். உள்ளேயிருந்து வெளியே சுருளாகப் போகும் ஒரே ஒரு பாதை. அடுத்தடுத்த இரு சுற்றுகளுக்கு இடையே 1.6 மைக்ரான் இடைவெளி.

கடையில் வாங்கும் பாட்டு சி.டி.யில் இந்தப் பாதை முழுக்க நுண்ணிய குழிகள் இருக்கும். தொழிற்சாலையில் அச்சில் வைத்து அழுத்தியே அந்தக் குழிகளை உண்டாக்குகிறார்கள். மேலே அலுமினியப் பூச்சு. லேசர் கதிர் சமதளத்தில் பட்டால் பளிச்சென்று திரும்பும். குழியில் பட்டால், குழியின் ஆழம் ஏறத்தாழ கால் அலைநீளம் என்பதால், போய்த் திரும்பும் கதிர் அரை அலைநீளம் பின்தங்கி, சுற்றியுள்ள கதிரோடு மோதி மங்கிவிடும். இந்த வெளிச்ச மாற்றத்தை ஒரு ஃபோட்டோ டையோடு மின்சாரமாக மாற்றுகிறது. வைவாவில் கேட்டால் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். குழி என்றால் 0, மேடு என்றால் 1 என்பது தவறு. குழியின் விளிம்புதான் 1. இடைப்பட்ட நீளமெல்லாம் 0.

இது அச்சடித்த டிஸ்க்கின் கதை. நாம் எழுதும் டிஸ்க்கில் குழியே கிடையாது! எல்லாப் பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பம்.

முதல் பொருத்தம்: பிரதிபலிப்பு

சி.டி.-ஆர் தகட்டில் குழிக்குப் பதிலாக ஒரு சாயப் படலம் இருக்கிறது. எழுதும்போது லேசரின் சக்தியைப் பல மடங்கு கூட்டி அந்தச் சாயத்தைச் சுடுகிறோம். சுட்ட இடம் படிக்கும் லேசருக்குக் குழி மாதிரியே மங்கலாகத் தெரியும். ஜப்பானின் தையோ யூதென் நிறுவனம் 1988-ல் இதை உருவாக்கிக் காட்டியது. இதற்கான இலக்கணம் 'ஆரஞ்சு புக்', 1990-ல் வந்தது. அச்சடித்த சி.டி. தன் மேல் விழும் ஒளியில் 70 சதவீதமாவது திருப்பித் தர வேண்டும். சி.டி.-ஆர் 65 சதவீதமாவது தர வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் பழைய ப்ளேயரும் பெரும்பாலும் ஏமாந்துவிடும், பாட்டும் பாடிவிடும்.

1997-ல் வந்த சி.டி.-ஆர்.டபிள்யூ சங்கதியே வேறு. அழித்து அழித்து எழுதலாம் அல்லவா? அதில் சாயம் இல்லை, வெள்ளி, இண்டியம், ஆண்டிமனி, டெல்லூரியம் சேர்ந்த ஓர் உலோகக் கலவை. சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்கிச் சட்டென்று ஆறவிட்டால் ஒழுங்கற்ற நிலைக்குப் போகும், ஒளி குறையும். சுமார் 200 டிகிரியில் வைத்திருந்தால் மறுபடி படிக நிலைக்கு வரும், ஒளி கூடும். எழுதுவதும் அழிப்பதும் இப்படித்தான். ஆனால் இதன் பிரதிபலிப்பு வெறும் 15 முதல் 25 சதவீதம்!

இப்போது ப்ளேயரின் பக்கத்திலிருந்து யோசியுங்கள். டிஸ்க் போட்டதும் லென்ஸ் மேலும் கீழும் அசைந்து ஃபோகஸ் தேடும். வரும் சிக்னல் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் "டிஸ்க் இருக்கிறது" என்று நம்பும். 70-ஐ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவனுக்கு 20 கொடுத்தால்? "நோ டிஸ்க்" என்றுதான் காட்டுவான். சிக்னல் குறைந்தால் தானே பெருக்கிக்கொள்ளும் ஏ.ஜி.சி. சுற்று உள்ள ப்ளேயரில்தான் ஆர்.டபிள்யூ ஓடும். அதனால்தான் 1997-க்கு முந்தைய பல ஆடியோ ப்ளேயர்களில் அது ஓடவில்லை.

இதே கதை டி.வி.டி.யிலும் உண்டு, அங்கே இன்னும் வேடிக்கை. ஒற்றை அடுக்கு டி.வி.டி. 45 முதல் 85 சதவீதம் திருப்பித் தரும். இரட்டை அடுக்கு டி.வி.டி. 18 முதல் 30 சதவீதம். அழித்து எழுதும் டி.வி.டி.யும் அதே 18 முதல் 30 சதவீதம்தான்! ஆகவே சில பழைய ப்ளேயர்கள் "ஓகோ, இது இரட்டை அடுக்கு போலிருக்கு" என்று நினைத்து, இல்லாத இரண்டாவது அடுக்கைத் தேடித் தேடிக் களைத்துப்போய் டிஸ்க்கை வெளியே தள்ளிவிடும்.

இரண்டாம் பொருத்தம்: அலைநீளம்

சி.டி.யைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. டி.வி.டி.யைப் படிப்பது 650 நானோமீட்டர், நல்ல சிவப்பு. டி.வி.டி.யில் சுற்றுகளுக்கு இடைவெளி 0.74 மைக்ரான்தான் என்பதால் மெல்லிய கதிர் தேவைப்பட்டது. புளூ-ரே வந்தபோது அது 405 நானோமீட்டர் ஆனது, இடைவெளி 0.32 மைக்ரானாகச் சுருங்கியது.

1996 நவம்பரில் ஜப்பானில் டி.வி.டி. ப்ளேயர்கள் அறிமுகமாயின. ஆரம்ப காலத்து ப்ளேயர்கள் சிலவற்றில் ஒரே ஒரு சிவப்பு லேசர்தான். அச்சடித்த சி.டி.யை அது படித்துவிட்டது, ஏனென்றால் அலுமினியத்துக்கு எந்த நிறமும் ஒன்றுதான். ஆனால் சி.டி.-ஆரின் சாயம் 780-க்கென்றே தயாரித்தது. 650-ல் அது ஒளியைத் திருப்பித் தராமல் விழுங்கிவிடும். ப்ளேயருக்கு மொத்தத் தகடும் இருட்டு! உலோகக் கலவைக்கு இந்த நிறப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. ஆகவே அந்தக் காலத்து ப்ளேயர்கள் சிலவற்றில் "ஓடாது" என்று பெயரெடுத்த ஆர்.டபிள்யூ ஓடியது, "எதிலும் ஓடும்" என்ற ஆர் ஓடவில்லை. கடைக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதற்குக் கேட்பானேன்! பின்னர் ஒரே பிக்-அப்பில் 780, 650 இரண்டு லேசரும் வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது.

நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. இரட்டை லேசர் பிக்-அப்பில் ஒன்று மட்டும் பலவீனமாகலாம். "டி.வி.டி. ஓடுது, சி.டி. மட்டும் ஓடலை" என்று ஒருவர் சொன்னால் மோட்டாரைக் கழற்றாதீர்கள். லேசரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாம் பொருத்தம்: அடையாளம்

'மைனஸ் ஆர்', 'பிளஸ் ஆர்' என்று இரண்டு விதம் பார்த்திருப்பீர்கள். இது பங்காளிச் சண்டையில் பிறந்த பிரிவு. டி.வி.டி. ஃபோரம் என்ற கூட்டமைப்பு மைனஸ் வகையை ஏற்றுக்கொண்டது. பயோனியர் நிறுவனத்தின் டி.வி.டி. மைனஸ் ஆர் 1997-ல் வந்தது. அதே 1997-ல் பிலிப்ஸ், சோனி, எச்.பி. முதலியவை தனியாகக் கைகோத்து பிளஸ் வகையை அறிவித்தன. பிளஸ் ஆர் தகடு 2002-ல் கடைக்கு வந்தது.

என்ன வித்தியாசம்? வெற்றுத் தகட்டில் ரைட்டருக்கு வழி காட்ட ஒரு பள்ளம் இருக்கும். அது நேராகப் போகாமல் நெளிந்து நெளிந்து போகும். மைனஸில் அந்த நெளிவு 140.6 கிலோ ஹெர்ட்ஸ், "இது எத்தனையாவது இடம்" என்பதைப் பள்ளங்களுக்கு நடுவே உள்ள மேட்டில் சிறு குழிகளாகக் குறித்திருப்பார்கள். பிளஸில் நெளிவு 817.4 கிலோ ஹெர்ட்ஸ், முகவரி நெளிவுக்குள்ளேயே கட்ட மாற்றமாக இருக்கும். நம் கம்யூனிகேஷன் பேப்பரில் படித்த அதே ஃபேஸ் மாடுலேஷன்தான்! மைனஸ் மட்டும் தெரிந்த ரைட்டரால் பிளஸ் தகட்டில் எழுத முடியாததற்குக் காரணம் இதுதான். 2002-ல் சோனி இரண்டையும் எழுதும் டிரைவை வெளியிட்டது. மற்றவர்களும் அந்த வழிக்கு வர, எழுதுகிற சண்டை அடங்கியது.

படிக்கிற சண்டை மட்டும் மிச்சம். டி.வி.டி.யின் தொடக்கப் பகுதியில் 4 பிட்டில் ஓர் அடையாளம் உண்டு. 0000 என்றால் அச்சடித்த டி.வி.டி. 0010 என்றால் மைனஸ் ஆர். 1010 என்றால் பிளஸ் ஆர். பிளஸ் பிறப்பதற்கு முன்பே தயாரான ப்ளேயர் 1010-ஐப் பார்த்தால் என்ன செய்யும்? "யார்யா நீ?" என்று திருப்பி அனுப்பும். உள்ளே இருக்கும் படத்தை அது பார்க்கவே இல்லை. வாசலிலேயே விரட்டிவிட்டது!

இதற்கு ஒரு தந்திரம் இருந்தது. சில ரைட்டர்களில் பிளஸ் ஆர் எழுதும்போதே அந்த 4 பிட்டை 0000 என்று மாற்றி எழுதச் சொல்லலாம். 'பிட் செட்டிங்' என்பார்கள். ப்ளேயர் அச்சடித்த டிஸ்க் என்று நம்பி ஓட்டிவிடும். மைனஸ் ஆரில் இது முடியாது, அதன் அடையாளம் தகடு தயாராகும்போதே பதிந்துவிடுகிறது.

நான்காம் பொருத்தம்: முடித்து வைத்தல்

நண்பர்களே, இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

அச்சடித்த டிஸ்க்கில் முன்னால் பொருளடக்கம், நடுவில் விஷயம், கடைசியில் முடிவுப் பகுதி என்று மூன்றும் இருக்கும். நாம் எழுதும் டிஸ்க்கில் முதலில் விஷயம்தான் எழுதப்படும். எல்லாம் எழுதிய பிறகு 'ஃபைனலைஸ்' என்ற கட்டளை கொடுத்தால்தான் பொருளடக்கமும் முடிவுப் பகுதியும் எழுதப்படும். அது நடக்காவிட்டால், எழுதிய கருவிக்கு மட்டும் உள்ளே இருப்பது தெரியும். வேறு எந்த ப்ளேயரில் போட்டாலும் வெற்று டிஸ்க் மாதிரியே தோன்றும்.

எங்கள் கடைக்கு ஓர் அக்கா வந்தார். கையில் 8 சென்டிமீட்டர் குட்டி டி.வி.டி. ஒருகாலத்தில் அதில் நேரடியாகப் பதிவு செய்யும் வீடியோ கேமராக்கள் இருந்தன. வெளிநாட்டிலிருந்து வந்த மாமா ஒரு பொங்கலுக்குப் பிடித்த படமாம். அடுத்த பொங்கலுக்கு அக்காவின் அப்பா இல்லை. மாமா கேமராவை எடுத்துக்கொண்டு போய்விட்டார், கேமராவும் பிறகு எங்கோ போய்விட்டது. "மூணு கடையில காட்டிட்டேன் தம்பி. வெறும் டிஸ்க்குன்னு சொல்றாங்க. தூக்கிப் போடவும் மனசு வரலை" என்றார்.

தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். அடிப்பக்கம் உள்வட்டத்திலிருந்து ஒரு பகுதி வரைக்கும் நிறம் சற்று வேறாக இருந்தது. சாயம் சுட்ட அடையாளம் அது! வெறும் டிஸ்க்காக இருந்தால் முழுக்க ஒரே நிறமாக அல்லவா இருக்க வேண்டும்? ஆக எழுதியிருக்கிறது, முடித்து வைக்கவில்லை. கம்ப்யூட்டர் ரைட்டரில் போட்டு, பொருளடக்கத்தை எதிர்பார்க்காமல் செக்டார் செக்டாராகப் படிக்கும் மென்பொருளைக் கொண்டு எடுத்தோம். இருபது நிமிஷத்துக்கு மேல் படம் கிடைத்தது. முற்றத்தில் பொங்கல் பானை, பின்னால் ஒருவர் "கரும்பை இப்படிச் சாய்ச்சு வைம்மா" என்கிறார். அந்தக் குரல் வந்ததும் அக்கா ஸ்பீக்கர் பக்கம் குனிந்துவிட்டார். கடை அண்ணன் அன்றைக்குக் காசு வாங்கவில்லை.

மூன்று கடைக்காரர்களும் பொய் சொல்லவில்லை. ப்ளேயர் காட்டியதைத்தான் சொன்னார்கள். ஆனால் ப்ளேயர் காட்டுவது வேறு, டிஸ்க்கில் இருப்பது வேறு. டிப்ளமோ படிக்கிற நமக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டாமா?

பாட்டு சி.டி.யிலும் இதற்கொரு தம்பி உண்டு. நாலு பாட்டை எழுதி மூடி, பிறகு இன்னும் நாலு பாட்டை இன்னொரு செஷனாகச் சேர்த்தால், சாதாரண ஆடியோ ப்ளேயர் முதல் செஷனோடு நிறுத்திக்கொள்ளும். மீதி நாலு பாட்டு கம்ப்யூட்டரில் மட்டும் கேட்கும்.

ஐந்தாம் பொருத்தம்: மொழி

லேசர் படித்துவிட்டது, அடையாளம் சரி, முடித்தும் வைத்தாயிற்று. அப்படியும் ஓடவில்லையா? டிஸ்க் பேசும் மொழி ப்ளேயருக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

ஆடியோ ப்ளேயருக்குத் தெரிந்தது ரெட் புக் பாட்டு மட்டும். எம்.பி.3 கோப்புகளை டேட்டாவாக எழுதிப் போட்டால் பழைய ப்ளேயர் திருதிருவென்று விழிக்கும். வி.சி.டி.யின் இலக்கணம் 1993-ல் வந்தது. எம்.பெக்-1 படம், நம் பால் முறையில் 352க்கு 288 புள்ளிகள். டி.வி.டி. வீடியோவில் எம்.பெக்-2, 720க்கு 576 புள்ளிகள், அதற்கென்று குறிப்பிட்ட ஃபோல்டர், குறிப்பிட்ட கோப்புப் பெயர்கள். படக் கோப்பை அப்படியே இழுத்துப் போட்டு எழுதினால் அது டேட்டா டிஸ்க்தான், டி.வி.டி. வீடியோ ஆகாது. கம்ப்யூட்டரில் ஓடும், டி.வி.க்குக் கீழே இருக்கும் ப்ளேயரில் ஓடாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பும் டிஸ்க் என்.டி.எஸ்.சி. முறையில் 720க்கு 480 ஆக இருக்கலாம். பழைய டி.வி. சிலவற்றில் அது கருப்பு வெள்ளையாகவோ உருண்டபடியோ தெரியும்.

இதில் சந்தோஷமான விஷயம், மொழிப் பிரச்சினை என்றால் டிஸ்க்குக்கு ஒரு சேதமும் இல்லை. கம்ப்யூட்டரில் போட்டு எடுத்துவிடலாம்.

கடையில் நாங்கள் பார்க்கும் வரிசை

1. தகட்டின் மேல் என்ன அச்சாகியிருக்கிறது என்று படியுங்கள். ஆரா, ஆர்.டபிள்யூவா? மைனஸா, பிளஸா? பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

2. அடிப்பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். எழுதிய வட்டம் தெரிகிறதா?

3. கம்ப்யூட்டர் ரைட்டரில் போடுங்கள். வெறும் ப்ளேயரைவிட ரைட்டருக்குப் பல வகைத் தகடுகளை அடையாளம் தெரியும். ஒரு டிரைவில் வராவிட்டால் வேறொன்றில் முயலுங்கள். டிரைவுக்கு டிரைவு சாமர்த்தியம் மாறும்.

4. கிடைத்த உடனே முழுத் தகட்டையும் ஒரே கோப்பாக, இமேஜாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற வேலையெல்லாம் பிறகு.

5. குட்டி டிஸ்க்கைத் தட்டு வெளியே வரும் டிரைவில் மட்டும் வையுங்கள். காரில் இருப்பது போல் வாயில் இழுத்துக்கொள்ளும் டிரைவில் போட்டால் பெரும்பாலும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு முக்கியமான விஷயம். சி.டி.யின் அடிப்பக்கக் கீறலைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறோம். உண்மையில் பெயர் எழுதும் மேல்பக்கம்தான் ஆபத்து. உலோகப் பூச்சும் சாயமும் அங்கே ஒரு மெல்லிய வார்னிஷுக்கு அடியில் இருக்கின்றன. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே போச்சு. அடிப்பக்கச் சிறு கீறலை ரீட்-சாலமன் பிழைதிருத்தம் பெரும்பாலும் சமாளித்துவிடும். டி.வி.டி.யில் இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவே விஷயம் இருப்பதால் மேல்பக்க ஆபத்து குறைவு. காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், வேகமாகச் சுற்றும்போது எடை ஒரு பக்கம் சாய்ந்து உதறும். வெயிலில் வைக்காதீர்கள், ஒளி பட்டுப் பட்டுச் சாயம் கெடும்.

ஏன் இப்போதே?

ஐந்து பொருத்தமும் இன்று தெரிந்துகொண்டால் உபயோகம் உண்டு. பத்து வருஷம் கழித்து எப்படியோ! சாயம் ஒருபக்கம் மங்கிக்கொண்டிருக்கிறது. மறுபக்கம் கருவிகள் மறைகின்றன. சி.டி.-ஆரைப் பெற்றெடுத்த தையோ யூதென் 2015-ன் முடிவில் எழுதும் தகடுகளின் தயாரிப்பை நிறுத்தியது. நம் நாட்டில் தகடு தயாரித்த மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்க 2018-ல் உத்தரவாயிற்று. எழுதும் புளூ-ரே தகடுகளின் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. புது லேப்டாப்களில் டிஸ்க் டிரைவைத் தேடிப் பாருங்கள், அநேகமாக இருக்காது. தகடு நன்றாகவே இருந்தாலும் படிக்க ஆள் இல்லாத நாள் வந்துகொண்டிருக்கிறது.

கடைசியாக ஒரு கோரிக்கை. நம் மாணவர் பேரவை அறையில் உள்ள இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் பழைய ஆண்டு விழா டிஸ்க்குகள் அடுக்கி இருக்கின்றன. 2004-லிருந்து இருக்கிறது. சிலவற்றின் மேல் மைனஸ், சிலவற்றின் மேல் பிளஸ், சிலவற்றில் ஒன்றுமே எழுதவில்லை. நமக்கு முன் இங்கே படித்தவர்களின் நாடகமும் பாட்டும் பேச்சும் அவற்றில் இருக்கின்றன. அதில் பேசியவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை என்று ஒர்க்ஷாப் அண்ணன் சொன்னார்.

எலக்ட்ரானிக்ஸ் லேபில் இரண்டு ரைட்டர்கள் இன்னும் நன்றாக வேலை செய்கின்றன. செமஸ்டர் தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். எந்தத் துறை, எந்த ஆண்டு என்றாலும் சரி, வர விருப்பமுள்ளவர்கள் பேரவைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். உங்கள் வீட்டு பீரோவில் உள்ளதையும் மறக்காமல் கொண்டுவாருங்கள், சேர்த்தே பார்த்துவிடுவோம்!